உங்களுக்குத் தெரியுமா? நாக்கின் அடியில் மாத்திரை, வயிற்றில் இரத்தம்

மலேசியாவின் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் தோட்டங்களில் இதய நோயுள்ள பெரியவர்களின் சட்டைப்பையில் பழுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது நைட்ரோகிளிசரின். டைனமைட்டின் வெடிபொருளும் இதுவே! நெஞ்சு வலிக்கு இது உதவும் என்று 1879இல் எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல்.

இதயத் தமனிகளை மட்டும் இது விரிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். குறைந்த அளவில் இது முதலில் தளர்த்துவது சிரைகளைத்தான். நம் இரத்தத்தில் ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றில் இருக்கிறது. அங்குள்ள சிரைகள் விரிந்ததும் கூடுதல் இரத்தம் வயிற்றிலேயே தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், இதயத்தின் சுமை இறங்கும், வலி தணியும்.

நல்ல இதயம் இதனால் குறைவாகவே இரத்தத்தை வெளியேற்றும். வீங்கித் தளர்ந்த இதயத்திலோ அந்த அளவு பெரும்பாலும் குறைவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்யும்.

செம்பனைத் தோட்ட வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பிலும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இந்த மருந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். ஆகவே உட்கார்ந்துகொண்டே மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். 5 நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 999ஐ அழையுங்கள்.

ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் இதனுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கடைகளில் விற்ற சில காப்பிப் பொட்டலங்களில் அந்த மருந்து கலந்திருந்ததாக மலேசிய சுகாதார அமைச்சு எச்சரித்திருக்கிறது.