திறக்கவே கூடாது என்று செய்யப்பட்ட விளக்கு!

பித்தளை அடிப்பாகம், நடுவில் தடித்த கண்ணாடி, தலையில் ஒரு கொக்கி. பழைய பொருள்கள் விற்கும் ஆன்லைன் தளங்களில் இந்த விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் கையில் இருந்த பாதுகாப்பு விளக்கு இது. ஆசையாக வாங்கியவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எவ்வளவு திருகினாலும் அடிப்பாகம் கழன்று வராது!

துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்து, ஸ்பேனரைத் தேடிப் போகாதீர்கள். அது பூட்டியிருக்கிறது.

விளக்குக்கு எதற்குப் பூட்டு? 1812-ம் ஆண்டு மே 25 அன்று, வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. வெளிச்சத்துக்குக் கொண்டுபோன தீயே எமனாகும் நிலைமை அது. இதற்கு வழி தேடித்தான் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி 1815-ல் தன் விளக்கை உருவாக்கினார். அதே ஆண்டில், சுரங்க இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன்சனும் தனியாக ஒன்றைச் செய்தார். ஆம், பின்னாளில் ரயில் இன்ஜினால் புகழ்பெற்ற அதே ஸ்டீஃபன்சன்தான். யார் முதலில் என்று பெரிய சண்டையே நடந்தது. டேவி தன் விளக்குக்குக் காப்புரிமை வாங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்வோம்.

டேவியின் ரகசியம், நம் வீட்டு மாவுச் சல்லடை மாதிரியான ஒரு கம்பி வலை. ஒரு சதுர அங்குலத்துக்கு 784 கண்கள். உள்ளே தீ எரியும்போது, அதன் சூட்டைக் கம்பிகள் வாங்கிக்கொள்கின்றன. அதனால் தீ வலையைத் தாண்டி வெளியே இருக்கும் வாயுவைப் பற்றவைக்காது. இன்னொரு லாபமும் கிடைத்தது. காற்றில் மீத்தேன் கலந்திருந்தால் திரியின் சுடருக்கு மேல் நீல நிறத்தில் ஒரு தொப்பி தெரியும். அதன் உயரத்தை வைத்தே எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணித்தார்கள். சுடர் மங்கி அணைந்தால், ஆக்சிஜன் குறைகிறது, உடனே இடத்தைக் காலி செய் என்று அர்த்தம். இந்திய நிலக்கரிச் சுரங்கங்களிலும் இப்படி வாயு பார்த்திருக்கிறார்கள்.

ஆனால், இது எல்லாமே விளக்கு மூடியிருக்கும்வரைதான். புகை பிடிக்கவோ, அணைந்துபோன திரியை ஏற்றவோ ஒரே ஒருவர் விளக்கைத் திறந்தால் போதும், அந்தப் பகுதியில் இருக்கும் அத்தனை பேர் உயிரும் ஆபத்தில்! அதனால்தான் விளக்கை வைத்திருப்பவராலேயே திறக்க முடியாதபடி பூட்டு வந்தது.

சில விளக்குகளில் ஈயத்தால் ஆன சிறு ஆணியை நசுக்கி, அதன் மேல் முத்திரை குத்துவார்கள். யாராவது திறந்திருந்தால் மேலே வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். இன்னும் கெட்டிக்காரத்தனமானது காந்தப் பூட்டு. உள்ளே ஸ்பிரிங் வைத்த இரும்புத் துண்டு ஒன்று அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூடும்போது தடுக்காது, திறக்கும்போது விடாது. தரைக்கு மேலே விளக்கு அறையில் இருக்கும் பெரிய காந்தம்தான் சாவி. ஜெர்மனியின் வுல்ஃப் விளக்கில் உள்ளேயே தீப்பொறி போடும் அமைப்பையும் வைத்தார்கள். அணைந்தால் திறக்காமலே ஏற்றிக்கொள்ளலாம்.

இன்று அந்தக் காந்தத்துக்கு எங்கே போவது? சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தம் போதும் என்பதே பலரின் அனுபவம். பூட்டு இருக்கும் இடத்தில் வைத்து, இரும்புத் துண்டு நகரும் சத்தம் கேட்டதும் திருக வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் இதற்கு உதவாது. விரலை நசுக்கும் அளவுக்கு இழுக்கும் என்பதால் குழந்தைகள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் வேண்டாம். அப்படியும் வரவில்லையா? மரையில் துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். இடுக்கி போட்டால் பித்தளை நசுங்கிவிடும்.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அழுக்கை அல்ல, கண்ணாடிக்கு மேலும் கீழும் இருக்கும் வாஷர்களை. பழைய விளக்குகளில் இவை ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடலாம். வெளுத்து, நார் நாராக எதுவும் தெரிந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். திரும்ப மூடி, அழகுப் பொருளாக வைத்துக்கொள்வதே நல்லது. என்னைக் கேட்டால், விளக்கை எரியவிட்டுப் பார்க்கும் ஆசைக்கும் இதே பதில்தான். வுல்ஃப் போன்றவை பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றும் எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டு ஹாலில் வைத்து விளையாடும் விஷயம் அல்ல.

வாஷரில் பிரச்னை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், வலையைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷால் கழுவலாம். இரும்பு வலை என்றால் உடனே ஈரம் போகக் காயவைக்க வேண்டும். கழுவிய பின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு கம்பி அறுந்து ஓட்டை பெரிதாகியிருந்தாலும் அந்த வலையைச் சுரங்கத்துக்குள் அனுப்ப மாட்டார்கள்.

குத்துவிளக்கு தேய்க்கும் ஞாபகத்தில் புளியைப் போட்டு இதையும் பளபளக்க வைத்துவிடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அழுத்தித் தேய்த்தால், பித்தளையில் குத்தியிருக்கும் எண் அழிந்துவிடும். வேலைக்கு இறங்குபவர் வில்லையைக் கொடுத்துவிட்டுத் தன் எண்ணுள்ள விளக்கை வாங்கிக்கொண்டு போவார். ஷிஃப்ட் முடிந்து ஒரு விளக்கு திரும்பி வரவில்லை என்றால், கீழே யார் இருக்கிறார் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.