சுட்ட மண்குழலின் உருகிய முனை

சேலம், நாமக்கல் சமவெளியில், குறிப்பாகக் காந்தவகை இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலையைச் சுற்றிய காடுகரைகளில், கருஞ்சிட்டங்களுக்கிடையே கிடக்கும் சுடுமண் குழல் துண்டுகள் உடைந்த வடிகால் குழாயாகவோ பெரியதொரு சுங்கானாகவோ தோன்றக்கூடும். அவற்றின் பயனை அறிய, வடிவத்தைவிட வெப்பம் விட்டுச்சென்ற தடமே நம்பத்தக்கது. ஒரு முனை செங்கல்போல் சிவந்திருக்க, மறுமுனை மட்டும் உருகிக் கரும்பச்சைக் கண்ணாடியாகி, அதில் சிட்டமும் ஒட்டியிருந்தால், அது ஊதுகுழல், அதாவது துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய குழல். கரியைக் காற்று சந்திக்கும் அந்த வாயருகில்தான் உலையின் வெப்பம் உச்சத்தை எட்டுகிறது. குயவரின் சூளையோ குழலை முழுவதுமே சுட்டிருக்கும்.

தாதிலுள்ள மண்ணும் கல்லும் இரும்பின் ஒரு பகுதியோடு சேர்ந்து உருகிப் பிரியும் கழிவே சிட்டம். அதன் மேற்பரப்பில் வழிந்தோடிய மடிப்புகள் இருந்தால் அது தாதை உருக்கிய உலையினது. கிண்ணம்போல் குழிந்த கட்டியாக இருந்தால் பெரும்பாலும் கொல்லனின் பட்டறை உலையினது. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு தேவை. பழைய உலைகள் அதை எட்டாததால், சிட்டம் வழிந்தோட, இரும்பு துளைகள் நிறைந்த கட்டியாக உள்ளேயே தங்கியது.

இரும்பை எஃகாக உருக்கப் பயன்பட்ட சிறு மண்கலங்களான மூசைகளை அடையாளம் காண்பது இன்னும் கடினம். உள்ளே உறைந்த எஃகை எடுக்க அவற்றை உடைத்தே ஆக வேண்டுமென்பதால், எஞ்சுபவை ஓடுகளே. உமி கலந்த களிமண், வெளிப்புறக் கண்ணாடிப் பூச்சு, உட்சுவரில் உருகிய உலோகம் நின்ற மட்டத்தைக் காட்டும் சிட்ட வளையம், அதில் சிக்கிய கடுகளவு உலோக மணிகள் ஆகியவை ஒருங்கே அமைந்தால், தட்டாரின் மூசை என்ற ஐயம் விலகும். பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூர் மூசைகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அத்தகைய மணிகள் கரிமம் மிகுந்த எஃகு எனக் காட்டினார்.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிச் சேலத்துத் தாதைப் பயன்படுத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839இல் எழுதிய விவரம் இம்மூசைகள் பயன்பட்ட முறையை அறியப் பெருந்துணை: இரும்புடன் அதன் எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரைக் குச்சிகளையும் ஓரிரு எருக்கிலைகளையும் மூசையிலிட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி, இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகளால் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதினர். குச்சியும் இலையும் தந்த கரிமமே இரும்பை எஃகாக்கியதோடு, அதன் உருகுநிலையையும் உலைக்கு எட்டும் அளவுக்குத் தாழ்த்தியது. தோல் துருத்தி மண்ணில் மக்கிவிடுவதால், அதன் ஆற்றலைக் கணிக்க விரும்புவோர் ஊதுகுழலின் துளை அளவிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.