நடுக்கமும் விறைப்பும்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய மலைப்பகுதிகளிலும், பாலக்காட்டுச் சமவெளியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதியவர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும்போது, பள்ளியில் மலையாளம் பழகிய பேரனோ பேத்தியோ உடன் செல்வர். பாட்டி தமிழில் கூறுவதை மருத்துவரிடம் மலையாளத்தில் எடுத்துரைப்பதும், மருத்துவர் கூறுவதைப் பாட்டிக்கு விளக்குவதும் அப்பிள்ளையின் பொறுப்பாகிவிடும். அவ்வேளையில் ஒரு சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். அச்சொல் ‘விறைப்பு’.

தமிழில் ‘கை விறைக்கிறது’ என்றால், கை எளிதில் மடங்காமல் இறுகியிருக்கிறது, அல்லது குளிரில் மரத்துவிட்டது என்று பொருள்படும். மலையாளத்தில் ‘கை விறய்க்குன்னு’ என்றால் கை நடுங்குகிறது என்பது பொருள். பாட்டி கூறியது இறுக்கம். மருத்துவர் செவியில் விழுவது நடுக்கம். இரண்டும் வெவ்வேறு நோய்க்குறிகள். சில நோய்களில் நடுக்கம் மட்டும் தோன்றும். சிலவற்றில் இறுக்கம் மட்டும் தோன்றும். ஒரு நோயில் இரண்டும் சேர்ந்து வரும். ஆகவே இறுக்கத்தைக் கூற விரும்பினால் ‘மடக்கான் பற்றுன்னில்ல’ என்றும், மரத்துப்போனதைக் கூற விரும்பினால் ‘மரவிப்பு’ என்றும் சொல்வது நல்லது. இவ்விரு மொழிச் சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனக் கருத இடமுண்டு. கடுங்குளிரில் உடல் முதலில் நடுங்கும், பின்னர் விறைக்கும். ஒரு மொழி முன்னதையும் மற்றொரு மொழி பின்னதையும் பற்றிக்கொண்டன போலும்.

தமிழில் நடுக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அதிர்வு, விதிர்ப்பு என்னும் சொற்கள் நடுக்கத்தை உணர்த்தும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. அந்நூலின் மெய்ப்பாட்டியலிலும் ‘நடுக்கு’ ஒரு மெய்ப்பாடாக எண்ணப்பட்டுள்ளது. பனி என்னும் சொல்லுக்கே நடுக்கம் என்ற பொருளும் உண்டு. பேச்சு வழக்கிலோ வெடவெட, கிடுகிடு, வெலவெல என இரட்டைக் கிளவிகள் பெருகிக் கிடக்கின்றன. இத்தனை சொற்கள் இருந்தும், வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்கினால் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே விளக்கத்தோடு நாம் நிறுத்திவிடுகிறோம்.

உண்மையில் நடுங்காத கை எவருக்கும் இல்லை. கையை முன்னே நீட்டி, விரல்களின் மேல் ஒரு மெல்லிய தாளை விரித்து வைத்துப் பார்த்தால், தாளின் ஓரங்கள் துடிப்பதைக் காணலாம். நொடிக்கு 8 முதல் 12 முறை வரை நிகழும் இந்த இயல்பு நடுக்கம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அச்சம், களைப்பு, உறக்கமின்மை, பசி ஆகியவை இதனைப் பெரிதாக்கும். மேடையில் பேச எழுந்த மாணவரின் கையிலுள்ள தாள் ஆடுவது இதனால்தான், அது கோழைத்தனமன்று. கடுந்தேநீரும் காப்பியும் நடுக்கத்தை மிகுவிக்கும். தேயிலைத் தோட்டத்தில் வாழ்வோர் இதனை நினைவில் வைத்தல் தகும்.

குளிர் நடுக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. சனவரி மாதத்தில் மூணாற்றின் புல்வெளிகளில் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அப்போது தசைகள் விரைந்து சுருங்கி விரிந்து, உடலின் வெப்ப உற்பத்தியைப் பல மடங்கு உயர்த்துகின்றன. பற்கள் கிடுகிடுப்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகும். காய்ச்சலின் தொடக்கத்தில் வரும் நடுக்கமும் இதே வகையினதே. வெயில் கொளுத்தும் நாளிலும் நோயாளி கம்பளி கேட்பதற்குக் காரணம், மூளை உடலின் வெப்ப அளவை உயர்த்தி நிறுத்திவிட்டதாகும். மலேரியாவில் நடுக்கம், காய்ச்சல், வியர்வை என முறை வைத்து வருவதால் அதனை முறைக்காய்ச்சல் என்றனர். அதற்குரிய கொயினா மருந்துக்காகச் சின்கோனா மரங்கள் மலைகளில் வளர்க்கப்பட்டன. ஆனைமலையில் வால்பாறைக்கு அருகே சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் உள்ளது.

குளிரும் காய்ச்சலும் இல்லாதபோதும் நீங்காத நடுக்கமே நோயெனக் கருதத்தக்கது. தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கினால் கை நடுங்கும், எடை குறையும், நெஞ்சு படபடக்கும். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்தாலும் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து சிலருக்குச் சிறிது நேரம் கைநடுக்கம் தரும். இவையெல்லாம் காரணம் கண்டறிந்தால் சரிசெய்யக்கூடியவை.

எஞ்சியவற்றைப் பிரித்தறிய மருத்துவர் கேட்கும் முதல் வினா, ‘கை எப்போது நடுங்குகிறது?’ என்பதாகும். ஒருவர் கையை மடியில் வைத்திருக்கும்போது நடுக்கமில்லை. தேநீர்க் குவளையைத் தூக்கும்போது நடுங்குகிறது. கையொப்பம் பெரிதாகக் கோணலாக விழுகிறது. சிலருக்குத் தலையும் குரலும்கூட நடுங்குகின்றன. இது பெரும்பாலும் எசென்ஷியல் டிரெமர் எனப்படும் வகையாகும். இது இரு கைகளிலும் வரும். மெல்ல மெல்ல வளரும். இந்நோயுடையோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் இது இருக்கும். முதியோர்க்கு மட்டுமன்றி இளைஞர்க்கும் வருவதுண்டு. குவளை தளும்புவதைக் கண்டு ‘குடித்திருக்கிறார்’ என்று அயலார் முடிவு கட்டுவது இவர்களுக்கு நேரும் பெருந்துன்பம். வாழ்நாளில் மதுவைத் தொடாதவரும் இப்பழியைச் சுமக்க நேர்கிறது. பந்தியில் பாயசம் சிந்திவிடுமோ என்று அஞ்சித் திருமண வீடுகளுக்குச் செல்வதையே நிறுத்திக்கொள்வோரும் உளர். புரோபிரனாலால் போன்ற மாத்திரைகள் பலருக்கு இந்நடுக்கத்தைக் குறைக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்க்கு அம்மாத்திரை ஆகாது. ஆதலின் பிறர் மாத்திரையை வாங்கி உண்ணுதல் கூடாது.

மற்றொருவருக்கு இதற்கு நேர்மாறாக நிகழும். கை மடியில் ஓய்ந்திருக்கும்போது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல் நடுங்கும். குவளையை எடுக்கக் கை நீட்டியதும் நடுக்கம் தணியும். உறங்கும்போது நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். இதுவே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் இது நேர்கிறது. தசைகள் இறுகும், நடை குறுகும், ஒரு கை வீசாமல் தொங்கும், கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும், முகத்தில் உணர்ச்சி மங்கும். கொழுந்து பறிப்பதில் முன்வரிசையில் நின்ற பெண் பின்தங்கினால் சோம்பல் என்பர்; முகம் மலராத தாத்தாவைக் கோபக்காரர் என்பர். இரண்டுமே நோயின் குறிகளாக இருக்கலாம்.

இலண்டன் மருத்துவர் ஜேம்சு பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி ஒரு கட்டுரை நூல் எழுதினார். அவர் விவரித்தவர்கள் ஆறு பேர். அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டவர்களே. நடுக்கத்தையும் நடையையும் கூர்ந்து நோக்கிய அவர், தசை இறுக்கத்தைத் தனிக்குறியாகக் கண்டறியவில்லை. பிற்காலத்தில் பாரிசு மருத்துவர் சார்கோ அதனைச் சேர்த்தார். இந்நோயாளிகளுள் சிலருக்கு நடுக்கமே இல்லை என்றும் சுட்டினார். நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவரும் அவரே. நடுக்கம், இறுக்கம் என்னும் இரண்டையும் பிரித்தும் சேர்த்தும் காண மருத்துவ உலகத்திற்கே பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன என்பதை எண்ணினால், மொழிபெயர்க்கும் பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை.

இந்நோய்க்கான முதன்மை மருந்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. வேலியோரங்களில் படரும் பூனைக்காலிக் கொடியின் காயிலுள்ள மயிர் உடலில் பட்டால் தாங்கொணா அரிப்பெடுக்கும். மலையாளத்தில் இதனை நாய்க்குரண என்பர். ஆயுர்வேதத்தில் கம்பவாதம் எனப்படும் நடுக்க நோய்க்கு இதன் விதை பயன்படுத்தப்பட்டு வந்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் இராமசாமியும் இவ்விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதனை 1937 இல் வெளியிட்டனர். அது நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்று அன்று எவரும் அறியார். 1957 இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவிழக்கச் செய்த முயல்களுக்கு லெவோடோபாவைச் செலுத்தினார்; அவை மீண்டும் நடமாடின. ரெசர்பின் என்பதும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைத்த பொருளே. கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1960களில் லெவோடோபா மனிதர்க்கு மருந்தாயிற்று. இன்றும் இந்நோய்க்கு அதுவே முதன்மை மருந்தாக உள்ளது. இதைக் கேட்டுப் பூனைக்காலி விதையை வீட்டிலேயே அரைத்துக் கொடுத்தல் தீங்கு தரும். விதைக்கு விதை மருந்தளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் மிகையாகும். மாத்திரையை உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக, நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்வது பெரும்பாலோர்க்குப் பயன் தரும். திடீரென நிறுத்திவிடுதல் ஆபத்தானது. மருந்தின் பயன் குறைந்தோரில் தகுதியுடையவர்க்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை மருத்துவம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் செய்யப்படுகிறது.

மலைத்தோட்டங்களுக்கு உரிய மற்றொரு நடுக்கமும் உண்டு. ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து தெளித்தவர் வீடு திரும்பியதும் வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் பெருகி, கண்பாவை சிறுத்து, தசைகள் ஆங்காங்கே துடித்தால், அது பூச்சிக்கொல்லி நச்சாக இருக்கலாம். காலை வரை காத்திராமல், உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையோ அதன் மேலட்டையையோ உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எந்த மருந்து எனத் தெரிந்தால்தான் அட்ரோப்பின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் உறுதியுடன் கொடுக்க இயலும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கும் நடுக்குவாதத்திற்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் சுட்டுகின்றன. கேரள அரசு 2011 இல் தடை செய்த நச்சு மருந்துகளுள் அதுவும் ஒன்று.

தேனி, கோட்டயம், கோயம்புத்தூர், திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும். ஆகவே செல்லும் முன் சிலவற்றைக் குறித்துச் செல்லுதல் நன்று: நடுக்கம் ஓய்விலா, வேலையிலா, ஒரு கையிலா, இரு கைகளிலுமா, எந்த ஆண்டு தொடங்கியது, குடும்பத்தில் வேறு எவருக்கு உண்டு, உண்ணும் மாத்திரைகள் எவை. பழைய கையெழுத்தும் இன்றைய கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உள. குவளையைப் பாதியளவே நிரப்பலாம். கனமான எவர்சில்வர் குவளை சிலருக்கு நடுக்கத்தைக் குறைக்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் சோறு சிந்தாது. சட்டைப் பொத்தானுக்கு மாறாக ஒட்டுப்பட்டை தைக்கலாம். நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும் தாத்தாவை இழுத்தல் கூடாது. தரையில் ஒரு கோட்டைக் காட்டி அதைத் தாண்டச் சொன்னால் கால் பெயர்வதுண்டு. எவரும் உற்றுப் பார்த்தால் நடுக்கம் மிகும். பார்வையைச் சற்று விலக்கிக்கொண்டால் தணியும்.

கையொப்பம் மாறிவிட்டதால் வங்கியில் பணம் எடுக்க இயலாமல் திரும்புவோர் உளர். முதுமையாலோ நோயாலோ கையொப்பமிட இயலாதவர், வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் பதித்துப் பணம் பெறலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி வழிவகுத்துள்ளது. அச்சாட்சிகளுள் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும்.