தாமே உரைக்கும் மெய்ம்மை

முன்னுரை

‘வெளிப்படுத்தினான்’ என்பது செய்வினை. ‘வெளிப்படுத்தப்பட்டான்’ என்பது செயப்பாட்டுவினை. வகுப்பறையில் இவ்வேறுபாட்டை ஒரு துணைவினையின் அளவில் விளக்கிவிட்டு நாம் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் இளையோர்க்கோ இதுவே வாழ்வின் வேறுபாடாகும். தம் நிலையைத் தாமே உரைப்பது ஒன்று. பிறர் அதனைப் பறைசாற்றிவிடுவது மற்றொன்று. மறைத்தால் ஏச்சினின்றும் தப்பலாம் என்று அறிந்திருந்தும் இளையோர் சிலர் உரைக்க முன்வருவது ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு நகரில் இரு நிகழ்வுகள்

தென்னாப்பிரிக்காவில் 1989ஆம் ஆண்டு பிறந்த நிகோசி ஜான்சன், தாய்வழித் தொற்றுடன் பிறந்தவர். 1997ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரப் பள்ளியொன்றில் அவரைச் சேர்க்க முயன்றபோது, வளர்ப்புத் தாய் உண்மையை மறைக்கவில்லை. அதனை அறிந்த பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அந்த 8 வயதுச் சிறுவனைப் பற்றி ஊரே பேசியது, அவன் பேசவில்லை.

2000 சூலையில் டர்பன் நகரில் கூடிய 13ஆம் பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில், தன் பெயரையும் வயதையும் நோயையும் அச்சிறுவனே எடுத்துரைத்தான். தழுவுவதாலோ கைபற்றுவதாலோ இந்நோய் தொற்றாது என விளக்கினான். கருவுற்ற தாய்மார்க்கு மருந்து வழங்கிக் குழந்தைகளைக் காக்குமாறு அரசை வேண்டினான். மறு ஆண்டு சூன் முதல் நாளில், தன் 12ஆம் வயதில் மறைந்தான். 2002ஆம் ஆண்டு, மக்களமைப்பு ஒன்று நடத்திய வழக்கில், தாய்மார்க்கு அத்தகைய மருந்து கிடைக்கச் செய்யுமாறு அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது.

அதே டர்பனைச் சார்ந்த குவாமாசுவில், 1998 திசம்பரில், குகு திலாமினி என்னும் பெண்மணி தம் நிலையை வெளிப்படையாகக் கூறினார். அதன்பின் தாக்கப்பட்டு உயிரிழந்தார். உரைத்த இருவரும் துணிவுடையோரே. கேட்டவர்களே வேறுபட்டனர்.

உரைத்தலின் காரணங்கள்

முதற்காரணம் மருந்து. ஏ.ஆர்.டி. என்னும் கூட்டு மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்ளல் வேண்டும். விடுதி அறையில் ஒளித்துண்ணும் மாத்திரை பல நாள் தவறிப்போகும்; தவறத் தவறக் கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும். உடனுறைவோருள் ஒருவரேனும் அறிந்திருப்பின் இவ்விடர் குறைகிறது.

இரண்டாவது இல்லறம். நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். மறைப்பின் மீது எழுப்பிய ஒப்பந்தம் நிலைபெறாது. மருந்தை முறையாக உட்கொண்டு, குருதியில் கிருமி சோதனைக்குத் தென்படாத அளவிலேயே தொடர்ந்து இருப்பின், உடலுறவின்வழித் துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை என ஆய்வுகள் நிறுவியுள்ளன. இவ்வறிவு, மணம் பேசும் வேளையில் மெய் உரைப்பதற்குத் துணிவளிக்கிறது.

மூன்றாவது மனச்சுமை. ஒரு மறைவைக் காக்க நாளுக்கொரு பொய் புனைய வேண்டியுள்ளது. நான்காவது பிறர்நலம். தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராதிருக்கட்டும் என்னும் எண்ணமே அச்சிறுவனை மேடையேற்றியது.

உரைக்காதிருக்கும் உரிமை

எல்லாரும் உரைத்தே ஆகவேண்டும் என நாம் கூறவில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், நீதிமன்ற ஆணையின்றி எவரையும் தம் நிலையை வெளியிடுமாறு கட்டாயப்படுத்துதல் கூடாது என்கிறது. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பிறர்க்குத் தொற்று நேராவண்ணம் காக்கும் கடமையையும் தொற்றுடையோர்க்கு விதிக்கிறது. யாரிடம், எப்போது, எவ்வளவு உரைப்பது என்னும் முடிவு அவரவர்க்கே உரியது.

முடிவுரை

நம்மை நம்பி ஒருவர் ஒப்படைப்பதை அமானிதம் என்கிறோம். பொன்னும் பொருளும் மட்டுமல்ல, நண்பர் ஒருவர் குரல் தாழ்த்திக் கூறும் மெய்ம்மையும் அமானிதமே. மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் தோழர் ஒருவர் இவ்வாறு உரைப்பாராயின், “எப்படி வந்தது?” என்று துருவாதீர்கள், “இன்று மருந்து உண்டாயா?” என்று கேளுங்கள். அவர் இசைவின்றிப் பிறரிடம் அதனைக் கூறாதீர்கள். கூறினால், அவர் அரும்பாடுபட்டு நிகழ்த்திய செய்வினையை நாம் செயப்பாட்டுவினையாக்கிவிடுவோம்.