நாலு ஞாயிறு, நாலு பழைய படம்!

டோல்கேட் பக்கத்துப் பெரியவர்களிடம் சினிமா என்று சொன்னால், தண்டையார்பேட்டை அகஸ்தியா கொட்டகையைப் பற்றிப் பேசுவார்கள். 1967-ல் திறந்த அந்தக் கொட்டகை 2020-ல் மூடப்பட்டது. மறு வருடமே டோல்கேட்டுக்கு மெட்ரோ ரெயில் வந்தது. ஆனால், முட்டி வலியுள்ள பாட்டி படம் பார்க்க ரெயில் ஏறுவாளா? வீட்டுக் கூடத்தையே கொட்டகை ஆக்கலாம்! எந்தப் படம் போடுவது?

மர்மம்

"அந்த நாள்" (1954). டைரக்டர் எஸ்.பாலசந்தர். 1943-ல் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. ரேடியோ என்ஜினீயர் ஒருவர் சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது யார்? படத்தில் பாட்டே கிடையாது. நடுவில் எழுந்து போகாதீர்கள்! யுத்த காலத்தில் ஊரைக் காலி செய்து ஓடிய கதையைத் தாத்தாவிடம் பிறகு கேளுங்கள்.

மாயாஜாலம்

குழந்தைகளுக்கு "மாயா பஜார்" (1957). கடோத்கஜனாக வரும் ரங்காராவ் கல்யாண விருந்தைத் தனியாகவே தின்று தீர்ப்பார். லட்டு தானாகவே வாய்க்குள் பறக்கும்! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், காமிராவால் செய்த வித்தை அது.

சிரிப்பு

"காதலிக்க நேரமில்லை" (1964). நாகேஷ் பேய்க்கதை சொல்வார், பாலையா நடுங்குவார். அந்தப் பாலையாவின் முகத்தைப் பாருங்கள்!

குடும்பம்

"பாசமலர்" (1961). சிவாஜியும் சாவித்திரியும் அண்ணன், தங்கை. கைக்குட்டை தேவைப்படும்.

ஆளுக்கொரு செல்போனில் பார்த்தால் சிரிப்பும் தனி, அழுகையும் தனி. ஒரே திரையின் முன் எல்லோரும் உட்காருங்கள். பாட்டிக்கு நாற்காலி முன்வரிசையில்!