தேடுபொறிக் கலையைக் கற்கும் நேர்வழி

நல்ல சரக்கை உற்பத்தி செய்வது பாதி வேலை. வேண்டுவோர் கண்ணில் அது படும்படி செய்வது மற்றப் பாதி. முன்னாளில் கடைவீதியில் நல்ல இடமாகப் பார்த்து விற்பனை நிலையம் அமைத்துவிட்டால் இரண்டாவது வேலை பெரும்பாலும் முடிந்ததாகக் கருதப்பட்டது. இன்று நிலைமை மாறிவிட்டது. பவானி ஜமக்காளமோ, காஞ்சிபுரம் பட்டுப் புடவையோ, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளோ வாங்க விரும்பும் ஒருவர், எங்கோ ஒரு வெளியூரில் இருந்தபடியே கைப்பேசியை எடுத்துத் தேடுபொறியில் சில சொற்களை எழுதுகிறார். முதலில் தோன்றும் சில முகவரிகளோடு அவருடைய தேடல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவற்றுள் நெய்தவரின் சங்கமும் விளைவித்தவரின் சங்கமும் இல்லையெனில், அந்த விற்பனை இடைத்தரகருக்கே போய்ச் சேரும்.

ஆகவே, தங்கள் சங்கத்தின் வலைத்தளம் தேடுபொறியில் எளிதில் அகப்படும்படி செய்யும் முறையை யாரிடம், எவ்வாறு கற்பது என்று நிர்வாகிகள் பலர் வினவுகின்றனர். தமிழில் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்றும், வழக்கில் ‘எஸ்.இ.ஓ.’ என்றும் வழங்கும் இக்கலையைக் கற்பிப்பதாகக் கூறும் வகுப்புகளும் காணொளிகளும் எண்ணிலடங்கா. அவற்றுள் எவற்றை நம்புவது என்பதே புதிதாகத் தொடங்குவோரின் இடர்ப்பாடு.

சங்கக் கணக்கில் எச்செலவும் உரிய ரசீதின்றி ஒப்புக்கொள்ளப்படுவதில்லை என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். இக்கலையைக் கற்பதிலும் அவ்விதியையே கைக்கொள்ளலாம். ‘இதைச் செய்தால் முதலிடம் கிடைக்கும்’ என்று ஒருவர் கூறினால், அதற்குரிய சான்று எங்கே, எந்த ஆண்டுக்குரியது என்று கேட்டல் வேண்டும். இவ்வொரு பழக்கம் கைவரப் பெற்றவர் பெரிதும் ஏமாறமாட்டார்.

தேடுபொறி வேலை செய்யும் விதம்

முதற்கண் அடிப்படையைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று. கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளின் வேலை மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. தானியங்கி நிரல்கள் ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்புக்குச் சென்று பக்கங்களைப் பார்வையிடுவது முதற்கட்டம். பார்த்தவற்றின் பொருளை உணர்ந்து, நூலின் இறுதியில் உள்ள சொல்லகராதி போன்றதொரு பெரும் பேரேட்டில் பதிவு செய்வது இரண்டாம் கட்டம். ஒருவர் வினவும்போது, அப்பேரேட்டிலிருந்து பொருத்தமானவற்றைத் தெரிந்து வரிசைப்படுத்தித் தருவது மூன்றாம் கட்டம்.

கூகுள் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் தோன்றியபோது அதன் சிறப்பாக விளங்கியது, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் சுட்டும் இணைப்புகளை நற்சாட்சி போலக் கணக்கிட்ட முறையாகும். அதற்குப் பின் எத்தனையோ அம்சங்கள் சேர்ந்துள்ளன. ஆயினும் மூன்று கட்டங்களும் மாறவில்லை. பணம் பெற்றுக்கொண்டு இயல்பான வரிசையில் எப்பக்கத்தையும் உயர்த்துவதில்லை என்று அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்துள்ளது. பணம் கொடுத்துப் பெறும் விளம்பர இடம் வேறு. அதன்மீது அது விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும்.

முதலில் படிக்க வேண்டியவை

தேடுபொறி நடத்துவோரே எழுதி இலவசமாக வெளியிட்டுள்ள வழிகாட்டிகள் இருக்கையில், பிறர் வாய்மொழியில் தொடங்குவது உசிதமன்று. கூகுள் நிறுவனம் தொடக்க நிலையினருக்கான கையேட்டினை முதன்முதலில் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2024-இல் அதனைச் சுருக்கித் திருத்தியமைத்தது. செய்யத்தக்கனவும் தகாதனவும் அடங்கிய விதித்தொகுப்பு, 2022 முதல் ‘கூகுள் சர்ச் எசென்ஷியல்ஸ்’ என்னும் பெயரில் வழங்கி வருகிறது. ‘பிங்’ தேடுபொறியும் தன் வழிகாட்டு விதிகளை வெளியிட்டுள்ளது. இம்மூன்றையும் பொறுமையாகப் படித்தவர், கட்டண வகுப்புக்குச் செல்லுமுன்னரே அங்குப் போதிக்கப்படுவதில் எது சரி, எது தவறு என்று பகுத்தறியும் நிலையை அடைவார்.

ஆங்கிலம் தடையாகத் தோன்றுமிடத்து, சங்க எழுத்தரும், அங்கத்தினர் இல்லத்துப் பட்டதாரி இளைஞர் ஓரிருவரும் வாரம் ஒருமுறை கூடிப் படிக்கலாம். ஒருவர் படித்துப் பொருள் கூற, மற்றவர் குறிப்பெடுத்துக்கொள்வது கூட்டுறவாளர்க்குப் புதியதன்று.

ஆனால், நிறுவனத்தின் வாக்கையே வேதவாக்காகக் கொள்ளுதலும் தகாது. வரிசைப்படுத்தும் முறை முழுவதையும் எந்தத் தேடுபொறியும் வெளியிடுவதில்லை. 2024 மே மாதத்தில் கூகுளின் உள் ஆவணங்கள் சில கசிந்தபோது, அந்நிறுவனம் முன்னர்க் கூறிவந்த சிலவற்றோடு அவை பொருந்தவில்லை என்று வல்லுநர்கள் எடுத்துக்காட்டினர். எனவே, ‘இதைச் செய்யாதே’ என்று அந்நிறுவனம் விதிப்பதைத் தயங்காது ஏற்றுக்கொள்ளலாம். எது எவ்வளவு பயன் தரும் என்பதை நம் தளத்திலேயே சோதித்து அறிதல் வேண்டும்.

சொந்தத் தளமே பயிற்சிக் களம்

தறியில் அமராமல் நெசவு வராது, இக்கலையும் அவ்வாறே. தொடங்குவோர் முதலில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. தேடு கட்டத்தில் ‘சைட்’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் சங்கத்தின் தள முகவரியை எழுதினால், தேடுபொறியின் பேரேட்டில் பதிவாகியுள்ள நம் பக்கங்கள் பல தோன்றும். ஒன்றுமே தோன்றவில்லையெனில், நம் தளம் பேரேட்டில் ஏறவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. அக்குறையை நீக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

அடுத்து, ஒரே ஒரு பொருளுக்குரிய பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைச் சீர்செய்தல் வேண்டும்.

1. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் ‘முகப்பு’ என்றோ, சங்கத்தின் பெயரை மட்டுமோ இடுவது போதாது.

2. வாங்குவோர் வழங்கும் சொற்கள் பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். விவசாயி ‘விரலி’, ‘கிழங்கு’ என்று தரம் பிரிப்பார். இல்லத்தரசியோ ‘கலப்படமில்லாத மஞ்சள் தூள்’ என்று தேடுவார். நெசவாளி ‘கோர்வை’ என்பார். வாங்குபவர் ‘கல்யாணப் பட்டுப் புடவை’ என்று எழுதுவார். இரு சாராரின் சொற்களும் இயல்பான வாக்கியங்களில் அமைதல் நன்று. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தேடுவோரும் பலர் என்பதை மறத்தலாகாது.

3. விலைப்பட்டியலையும் விவரங்களையும் படமாக மட்டும் பதிவேற்றுதல் கூடாது. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி பிழையின்றி வாசிக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. விவரங்களை எழுத்தாகவும் தந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்தல் வேண்டும்.

4. சங்கம் மட்டுமே கூறக்கூடிய செய்தி இருத்தல் வேண்டும். நூலின் தரம், சாயத்தின் வகை, ஒரு புடவை நெய்ய ஆகும் நாட்கள், மஞ்சளை வேகவைத்து உலர்த்தும் முறை ஆகியவற்றை அனுபவித்தவரே எழுத முடியும். பிற தளங்களிலிருந்து எடுத்தெழுதிய பக்கத்துக்கு இம்மதிப்பு இராது.

இவற்றோடு, விற்பனை நிலையத்தின் முகவரி, வேலை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்னும் இலவசப் பதிவில் சேர்த்துவிட்டால், அருகிலுள்ள கடையைத் தேடுவோருக்கு வழி தெரியும்.

பலனை அளக்கும் கருவி

அளவு இன்றிச் செய்யும் சோதனை வீண். ‘சர்ச் கன்சோல்’ என்னும் இலவசக் கருவியில் சங்கத்தின் தளத்தைப் பதிவு செய்துகொண்டால், மக்கள் எச்சொற்களைத் தேடியபோது நம் பக்கம் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தனர், சராசரியாக எத்தனையாம் இடத்தில் இருந்தது என்னும் விவரங்கள் கிடைக்கும். 16 மாத விவரங்கள் அதில் இருக்கும். மாறுதல் செய்த தேதியை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட்டு நோக்கினால், எந்த உபதேசம் பலித்தது என்பது விளங்கும். பண்டிகைக் காலத்தில் பட்டுக்குத் தேடல் மிகுவது இயல்பாதலால், சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே முறை.

பொறுமையும் வேண்டும். சில மாறுதல்கள் சில மணி நேரத்திலும், சில பல மாதங்கள் கழித்துமே பலன் தருமென்று மேற்கூறிய கையேடு தெரிவிக்கிறது.

போதகரை எடைபோடும் முறை

கட்டணம் செலுத்திக் கற்க விரும்பினாலும், ஒரு வல்லுநரை அமர்த்த விரும்பினாலும், முன்னதாகக் கீழ்க்கண்ட வினாக்களைக் கேட்டல் அவசியம்.

முதலாவது: ‘முதலிடத்துக்கு உத்தரவாதம்’ தருகிறாரா? எவராலும் அத்தகைய உத்தரவாதம் அளிக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே எழுதி வைத்துள்ளது. உத்தரவாதம் கூறுபவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: அவருடைய பாடம் எந்த ஆண்டுக்குரியது? பக்கத்தின் மறைகுறிப்பில் ‘திறவுச்சொற்கள்’ என ஒரு பட்டியல் இடும் பழைய வழக்கத்தை ஓர் உதாரணமாகக் கூறலாம். வரிசைப்படுத்துவதற்கு அதனைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதனை முக்கிய பாடமாகப் போதிப்பவர் பழைய ஏட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறார் என்பது திண்ணம்.

மூன்றாவது: செய்யப்போகும் மாறுதல்களை எழுத்தில் தருவாரா? ‘ரகசிய முறை’ என்று மறைப்பவருக்குச் சங்கப் பணத்தைக் கொடுத்தல் கூடாது.

நான்காவது: இணைப்புகளை விலைக்கு வாங்கித் தருவதாகக் கூறுகிறாரா? இது விதிமீறலாகும். இதன் விளைவை 2011-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டுகிறது. அமெரிக்காவின் பெரிய அங்காடி நிறுவனங்களுள் ஒன்றான ஜே.சி. பென்னியின் பக்கங்கள் பல பொருள்களுக்கான தேடலில் முதலிடத்தில் விளங்கின. சம்பந்தமற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் இடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவ்வாண்டு பிப்ரவரியில் வெளிப்படுத்திற்று. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒருவகைப் பயணப் பெட்டிக்கான தேடலில் முதலாவதாக நின்ற பக்கம் இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்கு இறங்கியது. இணைப்புகள் குறித்துத் தமக்குத் தெரியாது என்று கூறிய அந்நிறுவனம், தான் அமர்த்தியிருந்த ஆலோசகரை விலக்கியது. பெருநிறுவனம் அந்நஷ்டத்தைத் தாங்கிற்று. தீபாவளி விற்பனையை நம்பி நூல் கடன் பெற்றுள்ள ஒரு நெசவாளர் சங்கம் தாங்குமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஐந்தாவது: சர்ச் கன்சோல் கணக்கும் தள முகவரியும் சங்கத்தின் பெயரில் இருக்குமா? இவை சங்கத்தின் சொத்து. ஒப்பந்தக்காரர் பெயரில் இருந்தால், அவர் விலகும் நாளில் சங்கம் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

2024-ஆம் ஆண்டு முதல், தேடுபொறி தானே ஒரு விடையைத் தொகுத்து உச்சியில் தரும் முறை நம் நாட்டிலும் வந்துள்ளது. ‘இதற்குத் தனி வித்தை உண்டு’ என்று புதிய வகுப்புகள் கிளம்பியிருக்கின்றன. இதற்கெனத் தனித் தகுதி ஏதும் வேண்டுவதில்லை, வழக்கமான நல்ல முறைகளே போதும் என்பது கூகுளின் கூற்று. இங்கும் சான்று கேட்கும் பழக்கமே துணை செய்யும்.

மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம் மேற்கூறிய வழிகாட்டிகளைப் படித்து, சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்க. இரண்டாம் மாதம் ஒரு பொருளின் பக்கத்தை மட்டும் திருத்தியமைக்க. மூன்றாம் மாதம் எண்களைக் குறித்து வருக. பலன் தெளிவாகத் தெரிந்தபின் அடுத்த பொருளுக்குச் செல்க. இதற்கு ஆகும் பணச்செலவு அற்பம். ஒருவரின் சில மணி நேர உழைப்பே மூலதனம்.

கல்வி கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட எளிய தொழிலாளர் தொடங்கிய சங்கம், கலப்படமற்ற சரக்கையும் சரியான எடையையும் தன் நெறியாகக் கொண்டது. தன் லாபத்தில் ஒரு பகுதியை அங்கத்தினர் கல்விக்கும் ஒதுக்கி வந்தது. நம் சங்கங்களின் பக்கங்களிலும் உள்ளதை உள்ளபடி எழுதும் அந்நெறி விளங்குதல் வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, கற்பதற்கு ஏற்ற இருவரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பளிக்க நிர்வாகிகள் முன்வருவார்களாக.