சிவப்புக் கச்சையின் கதை

உலகத்தில் எத்தனையோ பெரிய காரியங்களுக்காக மக்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனால், கற்பனை வீரன் ஒருவன் இடையிலே அணியும் சிவப்புக் கச்சைக்காக 13 ஆண்டுகள் ஓயாது வாதாடியவர்களும் இருக்கிறார்கள் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்புக்குரிய செய்திதான். எனினும், நகைத்து முடித்த பின்னர் சற்றே நின்று சிந்திப்பதற்கும் அதிலே இடமுண்டு என்பது என் எண்ணம்.

சுப்பர்மான் என்ற பெயரை அறியாதவர் இன்று அரியர். உடலோடு ஒட்டிய நீல உடை. தோளிலிருந்து தொங்கும் சிவப்புப் போர்வை. மார்பிலே 'எஸ்' என்ற எழுத்தைத் தாங்கிய கேடயம். இவற்றுக்கெல்லாம் மேலாக, நீலக் காற்சட்டையின்மேல் அணிந்த சிவப்புக் கச்சை. உள்ளே அணிய வேண்டியதை வெளியே அணிந்து வந்தவன் என்று சிறுவரும் பெரியோரும் காலங்காலமாக அவனைப் பரிகசித்து வந்திருக்கின்றனர். அந்தக் கச்சை 2011இல் சித்திரக்கதை ஏடுகளிலிருந்து நீங்கியது. 2013இல் வெள்ளித்திரையிலிருந்தும் நீங்கியது. நீங்கிய நாள் தொட்டு, அது வேண்டும் என்போரும் வேண்டாம் என்போருமாக இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து போரிட்டனர்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, ஜேம்ஸ் கன் என்ற நெறியாளர் தமது புதிய 'சுப்பர்மான்' படத்தின் முதற் புகைப்படத்தை வெளியிட்டார். நாயகனாக நடிக்கும் டேவிட் கொரன்ஸ்வெற் ஆசனமொன்றில் அமர்ந்து தமது சிவப்புப் பாதணியை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். சாளரத்துக்கு அப்பால் நகரத்திலே ஏதோ அனர்த்தம் நிகழ்கின்றது. அவ்வளவே படம். அன்று பொழுது சாய்வதற்குள் இணையமெங்கும் எழுந்த ஆரவாரத்தை என்னென்பது! உடை சுருங்கிச் சுருங்கி நிற்கிறது என்றார் ஒருவர். தொளதொளவென்று கிடக்கிறது என்றார் இன்னொருவர். கழுத்துப்பட்டி உயர்ந்துவிட்டது என்பது மற்றொருவரின் குறை. வீரன் களைத்துப்போய்க் காட்சியளிக்கிறானே என்று வருந்தினார் வேறொருவர். களைத்தும் புறப்படுகிறானே, அதுவன்றோ வீரம் என்று அவருக்கு மறுமொழி கூறினார் பிறிதொருவர். அந்தக் கோடை காலத்திலே ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் படப்பிடிப்பு நடந்தபோது, வீதியோரத்தில் நின்றவர்கள் எடுத்த படங்கள் உலகமெங்கும் பரவின. கச்சை திரும்பிவிட்டது என்பதில் அதன் பின்னர் ஒருவருக்கும் ஐயமில்லை.

கிளீவ்லாந்து நகரத்தைக் குறிப்பிட்டேன். கதையின் வேர் அங்கேதான் இருக்கின்றது. அந்நகரத்துப் பள்ளியொன்றில் ஒன்றாகப் பயின்ற ஜெறி சீகல், ஜோ சூஸ்ரர் என்னும் இரு யூத இளைஞர்களே சுப்பர்மானைப் படைத்தவர்கள். சீகல் கதை எழுதினார். சூஸ்ரர் சித்திரம் தீட்டினார். 1938இல் 'அக்சன் கொமிக்ஸ்' என்னும் ஏட்டின் முதல் இதழிலே அவ்வீரன் உலகுக்கு அறிமுகமானான். அவனுக்கு என்ன உடை அணிவிப்பது? அக்காலத்து அமெரிக்க மக்கள் வலிமைக்கு உருவமாகக் கண்டவர்கள் சர்க்கஸ் பயில்வான்களும் மல்லர்களுமே. இறுக்கமான உடைக்கு மேலே கச்சை கட்டி நிற்பது அவர்களுடைய வழக்கம். சூஸ்ரர் அந்த வழக்கத்தையே தம் நாயகனுக்கும் தந்தார். அன்று அதைக் கண்டவர் ஒருவரும், 'இவன் உள்ளுடையை வெளியே அணிந்திருக்கிறான்' என்று எண்ணவில்லை. 'இவன் பலவான்' என்றே அறிந்துகொண்டனர்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்நாளைய சித்திரக்கதைகள் மலிவான தாளிலே சில வர்ணங்களைக் கொண்டு அச்சாயின. நுண்ணிய நிறபேதங்களுக்கு அங்கே இடமில்லை. தலைமுதல் கால்வரை ஒரே நீலமாக இருந்தால், சிறிய கட்டத்துக்குள் பறந்தும் பாய்ந்தும் செல்லும் உருவத்தில் உடல் எது, கால் எது என்று கண்ணுக்குப் புலப்படாது. இடையிலே விழுந்த சிவப்பு, உருவத்தை இரண்டாகப் பகுத்துத் தெளிவாக்கியது. ஆகவே, அந்தக் கச்சை தொழில் நுட்பம் அறிந்த ஓவியனின் தேர்வேயன்றி வெறும் கோமாளித்தனம் அன்று.

பின்னர் திரை வந்தது. 1948இல் கேர்க் அலின் நடித்த தொடர்படமும், 1952இல் ஜோர்ஜ் றீவ்ஸ் நடித்துத் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் முதலிற் கறுப்பு வெள்ளையிலேயே படமாக்கப்பட்டன. நீலமும் சிவப்பும் அந்தப் படச்சுருளிலே நன்கு வேறுபட்டுத் தோன்றாமையால், நடிகர்கள் உண்மையில் அணிந்தது சாம்பலும் கபிலமும் கலந்த உடை! திரையைக் கண்ட சிறுவர் தங்கள் மனத்திலே அதற்கு நீலமும் சிவப்பும் பூசிக்கொண்டனர். 1978இல் கிறிஸ்தோபர் றீவ் நடித்த படம் வந்தபோது, சூஸ்ரரின் கோலம் ஏறக்குறைய அவ்வண்ணமே திரையில் எழுந்தது. பலருக்கு இன்றும் சுப்பர்மான் என்றால் அந்த உருவமே நினைவுக்கு வருகின்றது.

பிறகு ஒரு வெட்கம் தோன்றியது. சித்திரக்கதை படித்து வளர்ந்த பிள்ளைகள் பெரியோராயினர்; தாம் நேசித்த வீரர்களைக் கண்டு ஊரார் நகைப்பதை அவர்கள் பொறுத்தாரல்லர். 1989இல் ரிம் பேர்ட்டன் நெறிப்படுத்திய 'பற்மான்' படத்திலே, ஏடுகளில் சாம்பலும் நீலமுமாக இருந்த உடை முற்றும் கறுத்த றப்பர்க் கவசமாயிற்று. அதை அணிந்த மைக்கல் கீற்றன் தலையைத் திருப்ப இயலாது, முழு உடலையுமே திருப்ப வேண்டியவரானார். எனினும் மக்கள் அதை ஏற்றனர். 2000இல் 'எக்ஸ்-மென்' வீரர்கள் தங்கள் மஞ்சள் உடையைக் களைந்து கருந்தோல் அணிந்தனர்; மஞ்சள் உடையைக் கேலி செய்யும் வசனமொன்றும் படத்திலேயே இடம்பெற்றது. 2006இல் பிரான்டன் றூத் அணிந்த சுப்பர்மான் உடையிலே சிவப்பு மங்கியது, இலச்சினை சிறுத்தது. 2013இல் ஸாக் சினைடர் நெறியாள்கையில் ஹென்றி கவில் தோன்றியபோது கச்சையே இல்லை. உடல் முழுவதும் சல்லடை போன்ற நெசவு, இருண்ட நீலம், வேற்றுலகக் கவசம். நோக்குவோர் நகைக்கவில்லை, ஆனால் சிறிது அஞ்சினர்.

இங்கேதான் வழக்கின் மையம் உள்ளது என்று நான் கருதுகிறேன். இரசிகர்கள் துணியைப்பற்றியா வாதாடுகிறார்கள்? இல்லை. வலிமை எவ்வாறு தோற்றமளிக்க வேண்டும் என்பதைப்பற்றியே வாதாடுகிறார்கள். மலையைப் பெயர்க்க வல்லவன் ஒருவன் நம்மிடையே நடமாடுவானாயின், அவனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா, அல்லது அவனருகே ஓட வேண்டுமா?

இந்த வினாவுக்குச் சிறந்த விடையைத் தந்தவர் நடிகர் கொரன்ஸ்வெற்றே. கச்சையை வைப்பதா நீக்குவதா என்று நெடுநாள் தடுமாறியதாகவும், தம்மைத் தெளிவித்தவர் கொரன்ஸ்வெற் என்றும் நெறியாளர் கன் பின்னர் கூறியிருக்கிறார். அந்நடிகரின் வாதத்தின் சாரம் இது: சுப்பர்மான் வேற்றுலகத்தவன், கண்களிலிருந்து தீக்கதிர் உமிழ்பவன், அத்தகையவனைக் கண்டாற் குழந்தைகள் அஞ்சுவது இயல்பு. அவனோ குழந்தைகள் தன்னைக் கண்டு அஞ்சலாகாது என்று விரும்புகிறான். ஆகவே, மல்யுத்த வீரனைப்போன்ற பளபளக்கும் உடையை அவனே தேர்ந்து அணிவான். என்ன நுட்பமான கருத்து! நகைப்புக்கு இடமாவதை அறியாமல் அணிந்த உடையன்று அது. நகைப்புக்கு இடமாவதை அறிந்தே அணிந்த உடை. பிறர் அஞ்சாதிருக்கும்பொருட்டுத் தன்னைச் சற்றே கேலிக்கு உள்ளாக்கிக் கொள்ளும் வலிமையை விடப் பெரிய வலிமை ஏது? கவசம் அணிந்தவன் தன்னைக் காக்கிறான்; கச்சை அணிந்தவன் எதிரே நிற்பவனின் அச்சத்தைக் களைகிறான்.

இரசிகர் சொல்வதெல்லாம் நியாயமாகிவிடுமா என்று வாசகர் வினவலாம். ஆகாது. பழகிய கண்ணுக்குப் பழகியதே அழகு. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, லீ போக் 1936இல் படைத்த 'ஃபாண்டம்' என்னும் வீரன். அவனுடைய உடை சாம்பல் நிறமாக இருக்க வேண்டுமென்பதே படைத்தவரின் எண்ணம். 1939இல் ஞாயிற்றுக்கிழமை வர்ணப் பக்கங்கள் தொடங்கியபோது அது ஊதாவாக அச்சாயிற்று. ஸ்கந்திநேவிய நாடுகளிலே அவன் நீலன்; இத்தாலியிலே செந்நிறத்தான். அந்தந்த நாட்டவருக்கு அந்தந்த நிறமே உண்மை நிறம். ஆகவே, 'நான் சிறுவயதிற் கண்டது இதுவன்று' என்ற முறையீடு மட்டும் ஒரு கலைஞனைக் கட்டுப்படுத்த மாட்டாது. நினைவு வேறு, நியாயம் வேறு.

நியாயம் எப்போது பிறக்கிறது? மாற்றம் அந்தப் பாத்திரத்தின் உட்பொருளோடு முரணும்போதே பிறக்கிறது. 1997இல் ஜோயல் சூமாக்கர் நெறிப்படுத்திய 'பற்மான் அன்ட் றொபின்' படத்தில் கவசத்தின் மார்பிலே முலைக்காம்புகள் வடிக்கப்பட்டிருந்தன. கிரேக்கச் சிலைகளை மனத்திற்கொண்டு செய்தது என்று விளக்கினார்கள். ஆனால் இரவிலே பதுங்கித் திரியும் துயரம் நிறைந்த ஒருவனுக்கும் சலவைக்கல் தேவனுக்கும் என்ன உறவு? இரசிகர்கள் வெகுண்டனர், அடுத்த பற்மான் படம் வர 2005 ஆயிற்று. பேர்ட்டனின் கறுப்பு உடையோ பழைய ஏட்டிலிருந்து பெரிதும் விலகியதாயினும், இருளின் வீரனுக்கு இசைந்தது. அதை ஏற்ற மக்களே மற்றதைத் தள்ளினர். ஆகவே அவர்கள் மாற்றத்தை வெறுப்பவர்கள் என்று எளிதிற் கூறிவிட இயலாது. 2024இல் 'டெட்பூல் அன்ட் வுல்வரின்' படத்திலே ஹியூ ஜக்மன் முன்பு கேலிக்கிலக்கான அந்த மஞ்சள் உடையை அணிந்து வந்தபோது எழுந்த மகிழ்ச்சி, வெட்கத்தின் காலம் முடிந்தது என்பதற்கு அறிகுறி.

உரிமை என்ற பேச்சு வரும்போது வருத்தத்துடன் நினைக்க வேண்டியதொன்றுண்டு. சீகலும் சூஸ்ரரும் சுப்பர்மானின் உரிமையை 1938இல் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அவ்வீரனால் நிறுவனத்தார் பெருஞ் செல்வம் ஈட்ட, படைத்தவர்கள் வழக்காடித் தோற்று வறுமையில் வாடினர். 1975இல், புதிய படம் தயாராகவிருந்த வேளையில், அவர்கள் தம் குறையைப் பகிரங்கமாக எடுத்துரைத்தனர், சித்திரக் கலைஞர் பலர் துணைநின்றனர், பத்திரிகைகள் எழுதின. அதன் பின்னரே ஆண்டுதோறும் உதவித்தொகையும், 'படைத்தவர்கள்' என்ற பெயர்க் குறிப்பும் அவர்களுக்குக் கிட்டின. ஓர் உடையின் நிறம் மங்கியதற்காகச் சீறுகின்ற இரசிகர், அதைத் தீட்டிய கையையும் நினைப்பாராயின் எவ்வளவு நன்று! இன்று உடை தைப்போரையும் நடிப்போரையும் முகமறியாத தூரத்திலிருந்து இழித்துரைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. எளியோரைக் காக்கும் வீரன்மீது கொண்ட அன்பினால் எளியோரை ஏசுவது என்ன அன்போ, நான் அறியேன்.

2025 யூலை 11இல் அமெரிக்காவில் படம் வெளியாயிற்று. அதிலே என் மனத்தைத் தொட்ட காட்சி, மாடங்கள் இடியும் காட்சியன்று. படையெடுப்புக்கு அஞ்சி நிற்கும் ஏழை நாடொன்றிலே, ஒரு சிறுவன் கையாற் செய்த கொடியொன்றை உயர்த்துகிறான். அதிலே சுப்பர்மானின் இலச்சினை இருக்கிறது. அவனுக்கு அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அது எளிய உருவம் என்பதே. சல்லடை நெசவையும் கவசத்தின் நுண்வரிகளையும் எந்தக் குழந்தை வரையும்? நீலம், சிவப்பு, மஞ்சள் என்ற மூன்று வர்ணக்கோல்களைக் கொடுத்துப் பாருங்கள்: போர்வை, கேடயம், கச்சை, பாதணி எல்லாம் ஐந்து நிமிடத்தில் தாளில் இறங்கிவிடும். உருவம் கோணலாயிருக்கும்; ஆனால் யாரென்று எவரும் சொல்லிவிடுவர். இனிவரும் நெறியாளர்கள் புதுக்கோலம் புனையுமுன், அதை ஒரு குழந்தையின் கையிற் கொடுத்து வரையச் சொல்லிப் பார்ப்பாராக.